அந்த மாத்திரை மலை மேலயே கிடைக்கணும்: நீலகிரி மெடிக்கல் ஷாப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு நம்ம மாவட்டத்துல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், கவுண்டர்ல நின்னு மருந்து எடுத்துக் குடுக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில கணக்கு பாக்கிறவ. எனக்கும் என் பொண்ணுக்கும் ஏடிஹெச்டி இருக்கு, அதாவது கவனத்தை ஒரு இடத்துல நிறுத்துறதும் நேரத்தையும் வேலையையும் கோர்த்துப் போறதும் கஷ்டமா இருக்கிற, மூளை சம்பந்தப்பட்ட ஒரு நிலை. பொண்ணுக்கு டாக்டர் சொன்னப்புறம் தான் எனக்கும் பாத்தாங்க. இது குடும்பத்துல ஓடுற விஷயம், இரட்டைக் குழந்தைங்கள வெச்சு பண்ணின ஆய்வுகள்ல பரம்பரையோட பங்கு 70 சதவீதத்துக்கு மேலன்னு வந்திருக்கு, அதனால ஒரு பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கொண்டு வர்ற வீட்ல இருந்து கொஞ்ச நாள் கழிச்சு அம்மாவோ அப்பாவோ தனக்கும் ஒரு சீட்டோட வந்து நின்னா ஆச்சரியப்படாதீங்க.

நான் கேக்க வந்தது ஒண்ணு தான். ஏடிஹெச்டிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை ஊருக்கு ஒரு கடையாவது எடுத்து வைக்கணும்.

இந்த மாத்திரை எங்க வீட்ல என்ன பண்ணுதுன்னு சொன்னா தான் உங்களுக்குப் புரியும். மூளையோட முன்பகுதில டோபமின், நார்எபிநெஃப்ரின்னு ரெண்டு ரசாயனம் வேலை செய்ற விதம் எங்களுக்கு வேற மாதிரி இருக்கு, அதனால எதை முதல்ல எடுக்கணும், அதுக்கு எவ்ளோ நேரம் ஆகும், பாதில விட்டதுக்கு எப்ப திரும்பி வரணும்ங்கிறது எல்லாம் தானா நடக்காது, ஒவ்வொண்ணையும் வெளில எதாவது வெச்சு பிடிச்சுக்கணும். எங்க வீட்டுக்குள்ள வந்து பாருங்க, வாசல் பக்கத்துல ஒரே ஆணில சாவி, பஸ் பாஸ், அடையாள அட்டை மூணும் தொங்கும். அடுப்படில பெரிய முள்ளு கடிகாரம், ஏன்னா நேரம் ஓடுறது கண்ணுக்குத் தெரியணும், போன்ல நம்பர் பாத்தா எனக்கு அது உறைக்காது. பால் அடுப்புல ஏறினா டைமர் போட்டே ஆகணும். பொண்ணு ஹோம்வொர்க் எழுதும்போது நான் எதிர்ல உக்காந்து என் கணக்கை எழுதுவேன், ஒருத்தர் பக்கத்துல இருந்தா ரெண்டு பேருக்குமே வேலை ஆரம்பிக்குது. ஃபேக்டரில விவசாயிங்க கொழுந்து மூட்டை எடை போட்டு சீட்டு வாங்கிட்டுப் போறப்ப அந்த நிமிஷமே லெட்ஜர்ல ஏத்திடணும்னு ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு சீட்டைக்கூட ஒதுக்க மாட்டேன், அது ஒருத்தரோட மாச வருமானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இவ்ளோ ஏற்பாட்டையும் தூக்கி நிறுத்துறதுல மாத்திரைக்கு பெரிய பங்கு இருக்கு. சாதா மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும், மெதுவா கரையுற வகை எட்டு மணி நேரத்துல இருந்து பன்னண்டு மணி நேரம் வரைக்கும் போகும். பசி குறையும், அதனால முதல்ல வயிறு நிறைய இட்லி, அப்புறம் தான் மாத்திரை. சாயங்காலம் போட்டா தூக்கம் போயிடும். பொண்ணுக்கு எடை, உயரம், ரெண்டு பேருக்கும் பிரஷர், நாடித்துடிப்பு எல்லாம் டாக்டர் பாத்துட்டே இருக்காங்க. இன்னைக்குப் போட்டது இன்னைக்குத் தான், நாளைக்கு டப்பா காலின்னா நாளைக்கு அந்த உதவி இல்ல. பொண்ணுக்கு பரிட்சை நடக்கிற வாரத்துல காலியாச்சுன்னா அந்த வாரம் எப்படிப் போகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப சட்டத்துக்கு வரேன். இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விக்கிறதுக்கு கட்டுப்பாடு அதிகமா இருக்கிற பட்டியல்ல வர்றது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டாக்டர் சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணு உங்க கடையிலயே ரெண்டு வருஷம் இருக்கணும், மாத்திரையைப் பூட்டின அலமாரில தனியா வைக்கணும், விக்கிறதுக்கே 20எஃப் ஃபார்ம்ல தனி லைசென்ஸ் வேணும். 2020ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்ல ஷெட்யூல் எக்ஸ் மருந்தை வீடியோல பாத்து எழுதக்கூடாதுன்னு இருக்கு, அதனால டாக்டரை நேர்ல தான் போய்ப் பாக்கணும். தப்பா பயன்படுத்துறவங்க கைக்குப் போயிடக்கூடாதுன்னு தான் இந்தக் கட்டுப்பாடு, ரெண்டு பிள்ளை வளக்கிற வீட்ல அந்தப் பயம் எனக்கும் இருக்கு, அதை எடுத்துடுங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். ஆனா இதோட விளைவு என்னன்னா, மறதியும் நேரக்கணக்கும் தான் பிரச்சனையா இருக்கிற ஒருத்தர் மாசாமாசம் சீட்டு தீர்ற தேதி, டாக்டர் இருக்கிற நாள், லீவு, பஸ், கடையில ஸ்டாக் இருக்கா இல்லையான்னு அஞ்சு விஷயத்தை ஒண்ணா கோர்த்துப் போகணும். அதுல நான் கேட்ட கடைங்கள்ல எல்லாம் இல்லைன்னு தான் பதில் வந்துச்சு, அதனால டாக்டரைப் பாத்த நாள் ஒண்ணு, மாத்திரை வாங்க கோயம்புத்தூர் இறங்குற நாள் இன்னொண்ணு.

கீழ போயிட்டு வர்றது என்னன்னு மலைல இருக்கிற உங்களுக்குத் தெரியாததா. மே மாசம் சீசன்ல வண்டி ஊர்ந்து தான் போகும். ஐப்பசி கார்த்திகை மழைல மரம் விழுந்தோ மண் சரிஞ்சோ ரோடு அடைஞ்சா அன்னைக்கு முழுக்க போச்சு. கூடலூர்க்காரங்களுக்கு ஊட்டி வர்றதே 50 கிலோமீட்டர் கிட்ட, பந்தலூர்னா இன்னும் தள்ளி. எஸ்டேட்ல தினக்கூலிக்கு கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா பிள்ளைக்கு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ்ஸுக்கும் காசு போடணும். அந்த அம்மா ரெண்டு மாசம் போவாங்க, மூணாவது மாசம் நிறுத்திடுவாங்க, அப்புறம் ஸ்கூல்ல அந்தப் பையனுக்கு அடங்காதவன்னு பேரு. எனக்கு நெஞ்சு எரியுறது இங்க தான்.

யாரு வாங்குவாங்க, எக்ஸ்பயரி ஆயிடுமேன்னு நீங்க நினைக்கிறது நியாயம். உலக அளவுல பிள்ளைங்கள்ல 5 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு கணக்கு, பெரியவங்கள்ல 2.5 சதவீதம் கிட்ட. 40 பேர் இருக்கிற வகுப்புல ரெண்டு பிள்ளைங்க. எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, நிறைய பேருக்கு இன்னும் கண்டுபிடிக்கவே இல்ல, அது வேற. ஆனா ஒரு ஊர்ல மாசாமாசம் வாங்குறவங்க யாருன்னு தெரிஞ்சா அளவா எடுத்து வைக்கலாம், பிரஷர், சுகர் மாத்திரைக்கு நீங்க பண்றது தானே. ஒரே கடை எல்லா பாரத்தையும் சுமக்க வேண்டாம்னா உங்க மெடிக்கல் ஷாப் சங்கத்துல பேசி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு இடத்துக்கு ஒருத்தர் அந்த லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க, மத்தவங்க அங்க அனுப்பி வைங்க.

லைசென்ஸ் வர்ற வரைக்கும் கூட செய்ய முடிஞ்சது இருக்கு. போன்ல கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லி வெச்சிடாம எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க. இது இல்ல, அதுக்கு பதிலா இதைப் போடுங்கன்னு நீங்களா மாத்தாதீங்க, அட்டோமாக்ஸெட்டின்னு இன்னொரு மருந்து இருக்கு தான், ஆனா அது பலன் காட்டவே சில வாரம் ஆகும், ரெண்டும் ஒண்ணு கிடையாது, அதை டாக்டர் தான் முடிவு பண்ணணும். கவுண்டர்ல நாலு பேர் நிக்கிறப்ப மாத்திரை பேரை சத்தமா படிக்காதீங்க, சின்ன ஊரு, சாயங்காலத்துக்குள்ள ஹட்டி முழுக்க, அதாவது ஊர் முழுக்க, பேச்சாயிடும். முக்கியமா ஒண்ணு, பிள்ளைக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாகிட்ட ஏம்மா இதெல்லாம் குடுக்கிற, பழக்கமாயிடும்னு ஒரு கடையில சொல்லி அவங்க அழுதுட்டே திரும்பி வந்தாங்க. இந்த வகை மருந்தை பிள்ளைங்களுக்கு முதல்ல குடுத்துப் பாத்தது 1937ல, அமெரிக்கால சார்லஸ் பிராட்லின்னு ஒரு டாக்டர். அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஆராய்ச்சி நடந்திருக்கு. டாக்டர் சொன்ன அளவுல, அவங்க கண்காணிப்புல போடுற பிள்ளைக்கு நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தை மருந்தையே நிறுத்திடும். சந்தேகம் வந்தா சீட்டுல இருக்கிற டாக்டருக்கு போன் போடுங்க, அம்மாகிட்ட கேக்காதீங்க.

உங்க சங்கக் கூட்டம் எங்க நடந்தாலும் நானும் இன்னும் சில பெத்தவங்களும் வந்து பேசத் தயார். வாரத்துக்கு எவ்ளோ தேவைப்படும்னு எங்க பக்கத்து கணக்கையும் எழுதிக் கொண்டு வரோம். ஞாயித்துக்கிழமை வெச்சீங்கன்னா எல்லாருக்குமே வசதி, அன்னைக்குத் தான் ஃபேக்டரியும் ஸ்கூலும் லீவு.

இப்படிக்கு,
கோத்தகிரில இருந்து ஒரு அம்மா