ஓவர்ரைமும் ஒன்ராறியோ வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரிக்காலத்தை முன்னிட்டு நீங்கள் வெளியிட்ட பக்கத்தில், 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கான, கனடாவின் ஒன்ராறியோ மாகாண வரி விகிதங்கள் ஐந்தும் அட்டவணையாக வந்திருந்தன. இலக்கங்களில் பிழையில்லை. ஆனால் அவற்றை எப்படிக் கணக்கில் போடுவது என்று ஒரு வசனம்கூட இல்லை. நான் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறவள். அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்த தம்பி ஒருவர், "சனிக்கிழமை ஓவர்ரைம் எனக்கு வேண்டாம் அக்கா. 51,446ஐத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் 9.15 வெட்டிப்போடுவாங்கள்" என்றார்.

அப்படி வெட்டுவதில்லை. 2024 கணக்கில் 51,446 டொலர் வரைக்கும் 5.05 சதவீதம்தான், நீங்கள் எவ்வளவு உழைத்தாலும். அதற்கு மேற்பட்ட பங்குக்கு மட்டுமே 9.15. வரிக்குரிய வருமானம் 60,000 என்று வைப்போம். முதல் 51,446க்கு 2,598 டொலர், மிச்சம் 8,554க்கு 783 டொலர். கூட்டினால் 3,381. இதிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கும் வரிவிலக்கு அடிப்படைத் தொகையான 12,399இன் 5.05 சதவீதத்தை, அதாவது 626 டொலரைக் கழிக்க 2,755 வரும். சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்), இஐ (வேலையின்மைக் காப்புறுதி) கட்டியதற்கான கழிவு இன்னும் கொஞ்சம் குறைக்கும். அந்தத் தம்பி சொன்னபடி போட்டால் 5,490!

அவருடைய சம்பளம் 51,000இலிருந்து 53,000க்குப் போனால் மாகாண வரி கூடுவது 165 டொலர் மட்டில். அந்த மட்டத்தில் 2024இல் மத்திய அரசின் விகிதம் 15 சதவீதம்தான், அது 300. சிபிபியும் இஐயும் போக, உழைத்த 2,000இல் 1,400 டொலர் அளவில் கையில் நிற்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது சம்பளச் சீட்டான பே ஸ்ரப்பைப் பார்த்தால் விளங்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் போடும் இடத்தில், கணினி அந்தச் சம்பளத்தை 26ஆல் பெருக்கி, ஆண்டு முழுவதும் அவ்வளவே வரும் என்று எண்ணி வரியைப் பிடிக்கிறது. ஓவர்ரைம் செய்த கிழமையில் ஒரேயடியாகக் கூடப் பிடிபடும். கூடப் பிடித்தது ஏப்ரலில் ரக்ஸ் செய்யும்போது, அதாவது வரிக் கணக்குக் கொடுக்கும்போது, கணக்கில் வந்துவிடும். ஆனால் ஆட்களின் மனதில் நிற்பது அந்தக் கிழமையின் காசோலைதான்.

உங்கள் அட்டவணையில் இல்லாத இரண்டு விஷயங்கள் உண்மையிலேயே ஆட்களைத் தடுமாற வைப்பவை. ஒன்று, 2004இல் கொண்டுவந்த ஒன்ராறியோ சுகாதாரக் கட்டணம். அது வரியோடு சேர்ந்தே பிடிபடுகிறது. வருமானம் 48,000இல் 450 டொலராக இருப்பது 48,600இல் 600 ஆகிறது. அந்த 600 டொலர் இடைவெளிக்குள் உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 25 சதம் இதற்கு மட்டுமே போகிறது. அங்கேகூட நட்டமில்லை, ஆனால் உறைக்கும். இந்த எல்லைகளை விலைவாசிக்கேற்ப உயர்த்தாமல் இத்தனை வருடம் விட்டிருப்பது, என்னைக் கேட்டால், குறைந்த சம்பளக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

மற்றது மேல்வரி, அதாவது வரிக்கு மேல் போடும் வரி. 2024 கணக்கில் மாகாண வரி 5,554 டொலரைத் தாண்டினால், தாண்டியதன்மேல் 20 சதவீதம். 7,108ஐயும் தாண்டினால் அதற்கு மேற்பட்டதன்மேல் இன்னுமொரு 36 சதவீதம். வேறு கழிவுகள் இல்லாதவருக்கு 90,600 டொலரை அண்டும்போதே இது தொடங்கிவிடும். ஆகவே அட்டவணையின் கடைசி வரிசையில் நீங்கள் போட்ட 13.16 சதவீதம், இரண்டு மேல்வரியும் சேர நடைமுறையில் 20.53.

பிள்ளைகள் உள்ளவர்கள் ஓவர்ரைமுக்குத் தயங்குவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வரிக்காக அல்ல, பிள்ளைகளுக்கு வரும் அரச கொடுப்பனவுக்காக. நடுத்தர வருமானத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, கூட உழைக்கும் 100 டொலருக்கு 13.50 அளவில் அது குறையும். குறைவது அடுத்த யூலையிலிருந்து என்பதால் பலர் பழியை வரியின்மேல் போட்டுவிடுகிறார்கள்.

அல்பேட்டா மாகாணத்தில் வரி குறைவு என்று அங்கே போக நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 2024 கணக்கில் அதே 60,000க்கு அங்கே 10 சதவீதம், அடிப்படைத் தொகை 21,885. வரி 3,811 டொலர் வரும். இங்கே சுகாதாரக் கட்டணம் 600ஐயும் சேர்த்தால்கூட 3,355தான். 2025இல் அவர்கள் முதல் 60,000க்கு 8 சதவீதமாக்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. விற்பனை வரியில் அவர்களுக்கு எப்போதும் இலாபம்தான், இங்கே 13 சதவீதம், அங்கே 5. டிசம்பர் 31இல் எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ, முழு ஆண்டுக்கும் அந்த மாகாணத்தின் விகிதமே.

அட்டவணையைத் திரும்பவும் போடுவதாக இருந்தால், சுகாதாரக் கட்டணத்தையும் மேல்வரியையும் அடியில் சேர்த்து, ஒரு சம்பளத்தை எடுத்து முழுதாகக் கணக்குப் போட்டும் காட்டுங்கள். எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய பக்கத்தை வெட்டி வைத்திருந்து அடுத்த வருடமும் பார்ப்பவர்கள் எங்கள் வேலையிடத்திலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபரோ.