துன்பத்தின் அருகே அமர்தல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோயும் நம்பிக்கையும் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உறுதியான நம்பிக்கை உடையவர் துன்பத்தில் கலங்குவதில்லை என்ற அதன் கருத்தை, மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாகப் பணிபுரியும் என்னால் ஏற்க இயலவில்லை.

நாள்தோறும் செபமாலை உருட்டிவந்த மூதாட்டி ஒருவர், மகனை இழந்த மறுநாள் அதை என் கையில் வைத்து, "இது உங்களிடமே இருக்கட்டும், சாமி, இப்போது என்னால் இதைத் தொட முடியவில்லை" என்றார். மணிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. நான் மறுமொழி கூறவில்லை. கூறியிருந்தாலும் அது என் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே இருந்திருக்கும்.

விவிலியத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நோயுற்ற யோபுவைக் காண வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள் என்பதும், காரணம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே தவறினார்கள் என்பதும், கடவுளைப் பற்றிச் சரியாகப் பேசியவர் முறையிட்ட யோபுவே என்று அந்நூல் இறுதியில் கூறுவதும் நம் பிரசங்கங்களில் (என்னுடையவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்) போதிய இடம் பெறுவதில்லை.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனம், உறவு, ஆன்மா ஆகியவற்றின் வலியையும் சேர்த்தே 'முழுமையான வலி' என்றார். மாத்திரையால் தணியாத அந்த வலிக்கு விளக்கவுரை மருந்தாவதில்லை. போர்வையைச் சரிசெய்வதும், தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்திவைப்பதும் சில வேளைகளில் செபத்துக்கு முன்னால் வர வேண்டியிருக்கிறது.

அந்தச் செபமாலை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் கேட்கும்வரை அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
மருத்துவமனை சாப்ளின் ஒருவர்