பாக்கெட்டை நிறுத்தலாம், கால்சியத்தை நிறுத்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய், பூனைகளுக்குப் பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டு வீட்டுச் சாப்பாடு கொடுக்கச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பாக்கெட் மேல் சந்தேகம் வருவதில் தவறில்லை. 2007இல் வட அமெரிக்காவில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த கோதுமைப் புரதம் தீனிக்குள் போய், ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. ஆனால் கட்டுரை காட்டும் மாற்று, வேகவைத்த கோழி, சோறு, கொஞ்சம் கேரட் என்பதோடு நின்றுவிடுகிறது. அதை அப்படியே பின்பற்றப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் ஓட்டை கால்சியம். எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. நாய்க்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாக, அல்லது சற்றுக் கூடுதலாக வேண்டும். குறைந்தால் உடம்பு தன் எலும்பைக் கரைத்து ரத்தத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். வளர்ந்த நாயில் மாதக்கணக்கில் எதுவும் வெளியே தெரியாது. குட்டியிலோ சில வாரங்களிலேயே கால் வளையும். கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

கடையில் கிடைக்கும் கால்சியம் சிரப் இதற்குப் பதில் ஆகாது. பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருப்பதால் விகிதம் சரியாவதில்லை. இங்கே தேவை வெறும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்க அதுதான். ஓட்டைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விரலுக்கு நெருடாத மாவாக அரைக்க வேண்டும். ஒரு கிராம் பொடியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

நோயில்லாத, வளர்ந்த, 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் கணக்கு இது: எலும்பில்லாத கோழி 250 கிராம் (பச்சை எடை), வெந்த சோறு 150 கிராம், பூசணி அல்லது பீன்ஸ் 50 கிராம், ஆட்டு ஈரல் 10 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டுப் பொடி 2 கிராம். ஏறத்தாழ 570 கலோரி வரும். ஈரலைக் கூட்டாதீர்கள், வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். இத்தனைக்குப் பிறகும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை பற்றாது. வீட்டுச் சமையலுக்கென்றே வரும் வைட்டமின்-தாதுக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தாக வேண்டும். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் செய்முறைகளை ஆராய்ந்தபோது, 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. பலவற்றிலும் ஒரே சத்துகளே குறைந்ததால், நாளுக்கொரு செய்முறையாக மாற்றிப்போட்டாலும் குறை தீராது.

பூனை கதை வேறு. கட்டுரை அதை நாயோடு சேர்த்துக் கட்டிவிட்டது. பூனையின் உடம்பு டாரின் என்ற சத்தைத் தேவைக்குத் தயாரித்துக்கொள்ளாது. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-யும் எடுத்துக்கொள்ளத் தெரியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை விரிந்து தளரும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இலேயே வெளிவந்துவிட்டது; ஆனாலும் பால்சோறும் தயிர்சோறும் நம் பூனைகளின் தட்டில்தான் இருக்கின்றன. டாரின் வேகும் தண்ணீரில் இறங்கிவிடும். சூப்பை நாம் குடித்துவிட்டுச் சக்கையைப் பூனைக்கு வைத்தால் அதற்குக் கிடைப்பது சொற்பம். வெந்த நீரோடு கொடுங்கள்; கோழி இதயம், தொடைக்கறி சேருங்கள்; அப்போதும் நாளுக்கு 250 மில்லிகிராம் டாரின் தனியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போடுவது இன்னொரு வழக்கம். அவற்றிலுள்ள நொதி தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும். பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைத் தொங்கவிடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

மாற்றும் வேகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நாய்க்கு முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, அதன்பின் முக்கால், பத்தாம் நாள் முழுதும். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் அதிலேயே இருங்கள். பூனைக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நாள் முழுக்கத் தட்டில் உலர்தீனி கிடந்தால் அது எதையும் புதிதாகத் தொடாது. முதலில் வேளைக்கு மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான இறைச்சியின் மேல் பழைய தீனியை நொறுக்கித் தூவலாம். "பசித்தால் தானே தின்னும்" என்று பூனையிடம் பிடிவாதம் பிடிக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் பழைய தீனியையே கொடுத்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு பட்ட குழம்புச் சாறும், வெந்து சிலும்பும் எலும்பும் கூடாது என்பது பலருக்கும் தெரிந்ததே. பச்சைக் கோழியை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் போதும் என்கிறார் கட்டுரையாளர். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி உறைகுளிரில் சாகாது.

ஒரு வயது நிறையாத குட்டிகள், அதிலும் லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்கள், சிறுநீரக நோய், கணைய அழற்சி, சிறுநீர்க் கல் உள்ளவை ஆகியவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். இவற்றுக்கு மருத்துவர் தனியே கணக்கிட்டு எழுதித்தரும் வரை பாக்கெட் தீனியே தொடரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்