ஆழ்கடல் ட்ரான்ஸ்டியூசர் வேலைக் கூலி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள சம்மாட்டிமாருக்கும் ஸ்கிப்பர்மாருக்கும்,

ஹட்டனிலிருந்து வணக்கம். வருகிற மாதம் முதல் ஆழ்கடல் ட்ரான்ஸ்டியூசர் (படகிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கி ஆழம் காட்ட உதவும் கருவி) திருத்தும் கூலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே அடுக்கும் பீசோ பீங்கான் (மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும் பீங்கான்) வளையங்கள் டொலர் கொடுத்து வருபவை. 2022 இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 350 ஐத் தாண்டியபோது பழைய இருப்பை வைத்துச் சமாளித்தோம். அது தீர்ந்துவிட்டது. நீர் புகாமல் மூடும் ரெசின் ஊற்றுவதில் கைதேர்ந்த எங்கள் தம்பியும் கட்டாருக்குப் போய்விட்டார். அங்கே கிடைக்கும் சம்பளத்துக்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்?

சரி, விலையை விட மனதை அறுப்பது வேறொன்று. "மலையில் இருக்கிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும், அவன் கட்டிய ட்ரான்ஸ்டியூசர் 100 பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறு அடி) கீழே பார்க்காது" என்று திருகோணமலைப் பக்கம் பேச்சு ஓடுகிறது. அந்தப் பேச்சு கிளம்பிய படகில் போய்ப் பார்த்தோம். செட் 200 கிலோஹேர்ட்ஸில் கிடந்தது! அவ்வளவு கூடிய அதிர்வெண் ஒலியைக் கடல்நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். 100 பாகம் தாண்டினாலே திணறும். 50 க்கு மாற்றியதும் அடி தெரிந்தது. ஆழ்கடலை அளக்கும் பெரிய கப்பல்கள் 12 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்குவதும் இதனால்தான். 3000 மீற்றர் ஆழமென்றால் ஒலி போய்த் திரும்பவே 4 செக்கன் ஆகும்.

அதோடு திருகோணமலையில் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. செங்குத்துச் சரிவில் பட்ட எதிரொலி படகுக்கு வராமல் பக்கவாட்டில் சிதறிப்போகும். சரிவு என்றால் என்னவென்று மலைநாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"பவரைக் கூட்டினால் போச்சு" என்கிறார்கள். பீங்கான் நெரிப்பைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் வளையங்களின் நடுவே போல்ட் போட்டு இறுக்குகிறோம். அந்த இறுக்கம் குறைந்தால் கூடிய பவரில் வெடித்துவிடும். இறுக்கம் சரியாக இருந்தாலும், அளவு மீறிய பவரில் முகப்புக்கு முன்னே உள்ள நீரே குமிழியாகிவிடும். குமிழி வந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். முகப்பில் சிப்பி ஒட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான்.

மலையால் எங்களுக்கு வரும் தொல்லை ஒன்றே ஒன்று. பொலியுறெத்தேன் ரெசின் காற்றின் ஈரத்தைக் குடித்தால் நுரைக்கும். அதனால் எங்கள் பக்கம் மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை வெயில் பார்த்துத்தான் ஊற்றுவோம். வேலை கொஞ்சம் பிந்தும். ஊற்றியதை ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீற்றர்) வைத்துப் பார்த்த பிறகே பார்சல் கட்டுகிறோம். அப்புறம், உத்தரவாதம் இனி ஆறு மாதம்.

டீசல் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த 2022 இலும் பழைய பாக்கியை மறக்காமல் அனுப்பிய வாழைச்சேனை, கல்முனை அண்ணன்மாரை நாங்கள் மறக்கவில்லை. இந்தப் பட்டறை இன்னும் திறந்திருப்பது உங்களால்தான்.

திருத்த அனுப்பும்போது தயவுசெய்து கேபிளை வெட்ட வேண்டாம். வெட்டிய முனை வழியாக உப்புநீர் ஏறினால் புதுக் கேபிளுக்கும் சேர்த்துக் காசு வாங்க வேண்டிவரும்.

நன்றியுடன்,
பட்டறை உரிமையாளர், ஹட்டன்