ரிச்சி தெருவில் உதவிய அண்ணனுக்கு நன்றி

என் கணினியில் விண்டோஸுடன் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்து நிறுவும்போது மின்சாரம் போய், வேலை பாதியில் நின்றது. உபுண்டு வரவில்லை, அதற்கு ஒதுக்கிய 100 ஜிபி இடமும் திரும்பவில்லை. அரைகுறையாக நின்ற அந்தப் பகுதியை அழித்த பிறகும், சி டிரைவை விரிவாக்கும் கட்டளை மங்கியே கிடந்தது.

சென்னை ரிச்சி தெருவில் புது ஹார்டு டிஸ்க் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நீங்கள், "காசை வீணாக்காதீர்கள் தம்பி, இடம் எங்கேயும் போகவில்லை" என்றீர்கள். சி டிரைவை ஒட்டி வலப்புறம் இருக்கும் காலி இடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். நடுவே, விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் மீட்புப் பகுதி குறுக்கே நிற்கிறது என்று ஒரு பில்லின் பின்பக்கம் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினீர்கள். முதலில் கோப்புகளுக்கு நகல். பிறகு பென் டிரைவிலிருந்து, டிஸ்க் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் மென்பொருளை இயக்கி மீட்புப் பகுதியைக் கடைசிக்கு நகர்த்துவது. அப்புறம்தான் சி டிரைவ். 'நகல்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. அப்பாவின் பழைய படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

100 ஜிபியும் வந்துவிட்டது. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அண்ணா.