மீனுக்கு ஜெனரேட்டரா, சேகர்?

புதுச்சேரி

அன்புள்ள சேகர்,

நலம். அங்கேயும் எல்லாரும் நலம்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மூர்த்தி சொன்னான், சந்தோஷம். அதே போனில் அவன் சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய்.

மீன் தொட்டிக்காக ஜெனரேட்டர் வாங்கப் போகிறாயாமே! மெஸ் பில்லுக்கு என்னிடம் வாங்கிய கடன் இன்னும் வந்தபாடில்லை. மீனுக்கு மட்டும் கை தாராளமாக நீள்கிறது. வார்டன் அறைத் தொட்டி விவகாரத்துக்கு இப்போது பிராயச்சித்தம் பண்ணுகிறாயோ?

உன் பயம் நியாயம்தான். மிக்ஜாம் புயலில் வேளச்சேரியே இருட்டில் கிடந்தபோது, தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாயே, பாவம். செய்தது சரியான காரியம்தான். ஆனால் ராத்திரி பூரா யார் ஊற்ற முடியும்? போதாததற்கு, "பசிக்குமே" என்று அம்மா வேறு தீனி போட்டுக்கொண்டே இருந்தார்கள். வளர்ந்த கோல்ட்ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாதுடா. தின்னாத தீனி அழுகும், தின்றது கழிவாகும், இரண்டும் மீனுக்கு விஷமான அம்மோனியாவில் போய் முடியும்.

இங்கே எங்களுக்கு ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்த பிறகும் நகராமல் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்துதான் ஆட்களை மீட்டது. எங்கள் தெருவில் கரண்ட் சுத்தமாக இல்லை. என் மூணடித் தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை, இத்தனைக்கும் ஜெனரேட்டர் கிடையாது!

சங்கதி இதுதான். கரண்ட் போனதும் மீனுக்கு முதலில் முட்டுவது மூச்சு. லைட் வேண்டாம், நம் ஊருக்கு ஹீட்டரும் வேண்டாம், ஃபில்டரைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அதிலும் உன் ஒராண்டா வகைக் கோல்ட்ஃபிஷ் மாதிரி தடித்த உருப்படிகளுக்கு நிறைய வேண்டும். தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் போதும். அதற்கு ஒரு சின்ன ஏர் பம்ப், 5 வாட்கூட இழுக்காது. சீலிங் ஃபேன் ஒன்று தின்னும் கரண்ட்டில் பத்துப் பன்னிரண்டு பம்ப் ஓடும். உன் வீட்டு ஹாலில்தான் யுபிஎஸ் இருக்கிறதே, டிவிக்கும் ஃபேனுக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு இதை மட்டும் மாட்டு. லைன் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் சைன் வேவ் யுபிஎஸ் என்றால் நல்லது. மற்றதில் பம்ப் உறுமும், சூடாகும். பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

பம்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் சேர்த்து இப்போதே தொட்டியில் போட்டு வை. அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா அதில் பிடிக்கச் சில வாரம் ஆகும். புயல் அன்றைக்குப் போட்டால் வெறும் பஞ்சுதான்.

நீ பீற்றிக்கொள்ளும் அந்தக் கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. மூடிய டப்பாவுக்குள் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே காற்று தீர்ந்து, பாக்டீரியா செத்து அழுக ஆரம்பிக்கும். கரண்ட் திரும்பியதும் அது தானாக ஓடி அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். மின்வெட்டில் தப்பிய மீன் இதில் போய்விடும். எதிர்வீட்டில் மறுநாள் ஒருவர் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அழுகிய முட்டை வாடை, பஞ்செல்லாம் கறுத்து வழவழவென்று. அதனால் கரண்ட் போனதுமே பிளக்கைப் பிடுங்கிவிடு. வந்தபிறகு திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அப்புறம் மாட்டு.

சரி, நாலைந்து நாள் கரண்ட் இல்லை, பேட்டரியும் இறங்கிவிட்டது என்றால் ஜெனரேட்டர் உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். அதையும் நேரே பம்புக்குக் கொடுத்து நாள் முழுக்க ஓட்டாதே. பங்க்கெல்லாம் மூடிக் கிடக்கும்போது பெட்ரோலுக்கு எங்கே போவாய்? நடுநடுவே சில மணி நேரம் ஓட்டி யுபிஎஸ் பேட்டரியை ஏற்றிக்கொள்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் கீழ்வீட்டுக்காரர் மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்து ஓட்டினார். மேலே எங்கள் வீட்டில் சின்னவள் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றாள். காய்ச்சலாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. அப்புறம் எனக்கும் தலை கனத்தது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம், அந்த மழையிலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். உன் ஃபிளாட்டில் பால்கனியை விட்டால் வேறு இடமே கிடையாது. ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே வைக்க இடமில்லை என்றால் வாங்கவே வாங்காதே. மீன் போனால் கொளத்தூரில் வேறு வாங்கலாம். மாலதியிடமும் இதைப் படித்துக் காட்டு.

பொங்கலுக்கு மூர்த்தி இங்கே வருகிறான், நீயும் வா. வரும்போது கொளத்தூரிலிருந்து எனக்கு இரண்டு ஏர் ஸ்டோனும் நாலு மீட்டர் டியூபும் வாங்கி வா. பணத்தை மெஸ் கடனில் கழித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரவி