டெக்கை நிறுத்தாமல் விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அட்லாண்டாவில் எங்கள் மேல்வீட்டில் இருந்த அம்மா அவர்களுக்கும், அவர் மகனுக்கும், அன்று என்னோடு ஒரே அறையில் குடியிருந்த மூன்று பேருக்கும், இன்னும் சிலருக்கும்,

வணக்கம். இந்த மடலை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். அன்று அம்மா வீட்டு வீடியோ டெக்கில் டிவியிலிருந்து ரெக்கார்டு ஆன கேசட் சரியாகி வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் வந்துவிட்டது.

1999 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒய்2கே வேலைக்காக அமெரிக்கா போயிருந்த, கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்த கூட்டத்தில் நாங்களும் நாலு பேர். ஹாலோவீன் என்றால் என்னவென்று தெரியாது. பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினால் மிட்டாய் கொடுக்க வேண்டும் என்று மட்டும், அம்மா, நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஒரு பை மிட்டாயும் நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

டிவியில் கார்ட்டூன் நெட்வொர்க். நாள் முழுக்க ஸ்கூபி டூ பழைய எபிசோடுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கூபி என்ற நாயும் ஃபிரெட், டாஃப்னி, வெல்மா, ஷேகி என்ற நாலு பேரும் பேய் மர்மங்களைத் துப்பறிகிற கார்ட்டூன் அது. நடுவில் ஒரு இடைவேளையில் படம் திடீரென்று ஆடத் தொடங்கியது. நிஜமான காடு, நிஜமான மரங்கள், கை நடுங்கும் கேமரா. அதற்குள் கார்ட்டூன் வெல்மாவும் ஷேகியும் நிற்கிறார்கள்! கேபிள் கோளாறு என்று நினைத்து மதுரைக்கார நண்பர் எழுந்து டிவி தலையில் ரெண்டு தட்டு தட்டினார். அந்தத் தட்டில் எதுவும் மாறவில்லை. அவர் அப்படியே நின்றுகொண்டே மிச்சத்தைப் பார்த்தார்.

அதுதான் 'தி ஸ்கூபி டூ பிராஜெக்ட்'. அந்த வருடக் கோடையில் 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' என்ற பேய்ப்படம் வந்து அமெரிக்காவையே கலக்கியிருந்தது. காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் காணாமல் போகிறார்கள், அவர்கள் எடுத்த படம் மட்டும் கிடைக்கிறது என்பது கதை. அதைக் கிண்டல் செய்துதான் இதை எடுத்திருந்தார்கள். ஸ்கூபி கோஷ்டி தாங்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் வழி தவறுகிறது.

இது ஏன் இத்தனை வருடம் மனதில் ஒட்டிக்கொண்டது என்று யோசித்திருக்கிறேன். 1969-ல் தொடங்கிய அந்தப் பழைய ஸ்கூபி டூவில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பேய் என்று எதுவும் கிடையாது. கடைசி இரண்டு நிமிடத்தில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஏதாவது ஒரு பேராசைக்காரக் கிழவர் இருப்பார். அந்தத் தைரியத்தில்தான் குழந்தைகள் பயமில்லாமல் பார்த்தார்கள். பிளேர் விட்ச் இதற்கு நேர் எதிர். அதில் பேய் கண்ணிலேயே படாது, அப்புறம் எந்த முகமூடியைக் கழற்றுவது? இந்த இரண்டையும் ஒரே காட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். சிரித்துக்கொண்டே இருக்கிறோம், கால் மட்டும் மெதுவாகச் சோபாவுக்கு மேல் ஏறிவிடுகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

அதை உருவாக்கிய கேஸ்பர் கெல்லி, லாரி மோரிஸ், ஸ்டீவ் பேட்ரிக் மூவருக்கும் நன்றி. கெல்லி 2014-ல் பழைய டிவி தொடர்களின் டைட்டில் பாட்டைக் கிண்டல் செய்து 'டூ மெனி குக்ஸ்' என்ற குறும்படம் எடுத்தபோது உலகமே அசந்துபோனது. எங்கள் அறைக்காரர்கள் அசரவில்லை. இந்த ஆளின் குறும்பை நாங்கள் பதினைந்து வருடம் முன்பே பார்த்தாயிற்று.

குரல் கொடுத்தவர்களுக்கும் நன்றி. ஸ்கூபி, ஷேகி இரண்டுமே ஸ்காட் இன்னஸ். ஒருவரே இரண்டு பேராக நடுங்கியிருக்கிறார். ஃபிரெடுக்கு ஃபிராங்க் வெல்கர், அதாவது 1969-லிருந்து அதே குரல். வெல்மாவுக்கு பி.ஜே. வார்ட். டாஃப்னியாகப் பேசிய மேரி கே பெர்க்மன் இது ஒளிபரப்பான பதினோராவது நாளில் காலமானார். அன்று எங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. இப்போது அந்தக் குரல் வரும் இடங்களில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கிறேன்.

சரி, கேசட் கதைக்கு வருகிறேன். இதை ஒரே படமாகப் போடவில்லை. எபிசோடுகளுக்கு நடுவே, இடைவேளைகளில், துண்டு துண்டாகப் போட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கோத்துக் காட்டியபோது நான் தூங்கிப்போயிருந்தேன். துண்டுகளிலும் பாதி நேரம் கதவைத் திறந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் இது டிவிடியாகக் கடைக்கு வரவே இல்லை. ஊர் திரும்பி யாரிடம் சொன்னாலும், "நீ ஏதோ கனவு கண்டிருக்கே" என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிவியில் ரெக்கார்டு செய்கிற கெட்டிக்காரர்கள் விளம்பரம் வந்ததும் டெக்கை நிறுத்திவிடுவார்கள், விளம்பரம் முடிந்ததும் தட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தவர்களிடம் கடையில் எளிதாகக் கிடைக்கிற பழைய எபிசோடுகள்தான் சுத்தமாக இருக்கும். கிடைக்காத இது மட்டும் இருக்காது. டெக்கை ஓடவிட்டுவிட்டுச் சமைக்கப் போனவர்கள், குழந்தையைத் தூங்க வைக்கப் போய்த் தாங்களும் தூங்கிவிட்டவர்கள், இவர்களின் கேசட்டில்தான் இது பிழைத்துக் கிடக்கிறது. முகம் தெரியாத அந்தச் சோம்பேறிகள் எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

அம்மா, நீங்களும் அப்படித்தான். மகன் கேட்டான் என்று ஆறு மணிநேரம் ஓடும் வேகத்தில் வைத்து ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய்க்குப் போயிருக்கிறீர்கள். இருபது வருடம் கழித்து நான் கூச்சத்தோடு கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் பழைய பெட்டியைத் தேடிப் பார்த்து அனுப்பினீர்கள்.

முதலில் நான் கொடுத்த கடை அதைப் படுத்திவிட்டது. டேப் ஓரிடத்தில் அறுந்து, மீதி கசங்கி, "இது போச்சு சார்" என்று பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தை இங்கே கொட்டப் போவதில்லை. பிறகு என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் திருகுகளைக் கழற்றி, கசங்கலை விரலால் நீவி, அறுந்ததை ஒட்டி, இரண்டு சுருளையும் வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றி வைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அதிலேயே போனது. காசு வாங்கவில்லை, பிரியாணி மட்டும் வாங்கிக்கொண்டார். அவருக்கும், பொறுத்துக்கொண்ட அவர் மனைவிக்கும் நன்றி.

ஆறு மணிநேரத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாத் துண்டையும் சேர்த்தால் அரை மணிநேரம்கூடத் தேறாது. கீழே வெள்ளைக்கோடு ஓடுகிறது, சில இடங்களில் வெல்மா பச்சையாகத் தெரிகிறாள். அந்தப் படத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது, சொல்லப்போனால் கூடுதல் பயம். கடைசித் துண்டு வந்தபோது டேப் முடிய நாலே நிமிடம் பாக்கி.

என் மகள் பக்கத்தில் இருந்தாள். முதல் காட்டுக்காட்சி வந்ததும், "அப்பா, டிவி என்னமோ ஆயிடுச்சு" என்று எழுந்தாள். மதுரைக்காரரே, உடனே உமக்குத்தான் போன் போட்டேன். நீர் எடுக்கவில்லை.

தம்பி, கேசட்டை அடுத்த மாதம் உன் அம்மாவுக்குத் திருப்பி அனுப்புகிறேன். கூடு புதிது, ஆனால் பழைய லேபிளை நண்பர் நீராவி காட்டி உரித்து இதில் ஒட்டிவிட்டார். நீ எட்டு வயதில் கோணல்மாணலாக எழுதிய "ஸ்கூபி. அழிக்காதே!" அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ ஒரு ஃபுட்பால் மேட்ச் பெயரை எழுதி, அப்புறம் அடித்திருக்கிறார்கள். அதை அடித்தவருக்கும் நன்றி சொல்லிவிடு.